மருதோன்றி என்னும் வேலிச்செடி

எங்கள் ஊர் வீட்டுப் புழக்கடையில், கிணற்றடிக்கும் மாட்டுக்கொட்டகைக்கும் நடுவே வேலியாக நிற்கும் மருதோன்றிப் புதரை நட்டவர் யார் என்று சொல்லக்கூடியவர் எவரும் இப்போது இல்லை. ஆடி மாதத்திலும் தீபாவளிக்கு முந்திய நாட்களிலும் தெருப் பெண்கள் வந்து ஒடித்துக்கொண்டு போகும் கிணற்றுப் பக்கத்தில், அது ஆண்டுதோறும் புதுத்துளிர் விட்டு, முள் இன்னதென்றே அறியாத செடியைப்போல மெல்லிய சிம்புகளோடு நிற்கிறது. ஒருவர் கையும் படாத கொட்டகைப் பக்கத்திலோ, முதிர்ந்த கிளைகளின் சிறு சிம்புகள் ஒவ்வொன்றும் நுனி கூர்ந்து, போகிறவர் வேட்டியைப் பிடித்து நிறுத்துமளவுக்கு முள்ளாகவே மாறியிருக்கின்றன. வேரும் ஒன்று, இலையும் ஒன்று, பூவும் ஒன்று. ஆனாலும் முன்பின் அறியாத ஒருவரிடம் இரு பக்கத்திலிருந்தும் ஒவ்வொரு கொம்பை ஒடித்துக் கொடுத்தால், இவை இரண்டு வேறு செடிகள் என்று அவர் சாதிப்பதில் வியப்பில்லை.

அவ்வாறு சாதித்தவர் சாமானியரும் அல்லர். தாவரங்களுக்கு இரட்டைப் பெயரிடும் முறையை நிலைநாட்டிய ஸ்வீடன் தேசத்து லின்னேயஸ், 1753-ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘ஸ்பீசீஸ் பிளாண்டாரம்’ என்னும் மகாகிரந்தத்தில், முள்ளற்றதை ‘லாஸோனியா இனெர்மிஸ்’ என்றும் முள்ளுடையதை ‘லாஸோனியா ஸ்பினோஸா’ என்றும் குறித்து, இரண்டு தனி இனங்களாகவே எழுதி வைத்தார். இளமையில் முள்ளின்றி வளர்ந்து முதுமையில் முள்ளைப் பெறும் ஒரே செடிதான் இது என்பதைப் பின்வந்த சாஸ்திரிகள் தெளிந்து இரண்டையும் ஒன்றாக்கியபோது, நிலைத்தது முதற்பெயரே. லத்தீனில் ‘இனெர்மிஸ்’ என்றால் ஆயுதமற்றது என்று பொருள். ஆகவே கையைக் கீறும் கிழட்டு மருதோன்றியும் இன்று உலகமெங்கும் நிராயுதபாணி என்றே அழைக்கப்பெறுகிறது. பிரெஞ்சு அறிஞர் லாமார்க், வெண்மை என்று பொருள்படும் ‘ஆல்பா’ என்ற மூன்றாவது பெயரொன்றையும் சூட்டினார். நம் நாட்டுப் பழைய மூலிகைப் புத்தகங்களில் அந்தப் பெயரை மிகுதியும் காணலாம். முதற்சொல்லாகிய ‘லாஸோனியா’ என்பது, 1735-இல் லைடன் நகரில் லின்னேயஸின் ‘சிஸ்டமா நாச்சுரே’ அச்சேறுவதற்குப் பொருளுதவி செய்த ஐஸக் லாஸன் என்னும் ஸ்காத்லாந்து வைத்தியரின் ஞாபகார்த்தமாக வைக்கப்பட்டது. புத்தகம் அச்சிட உதவியதற்குக் கைம்மாறாக ஒரு செடியே தம் பெயரில் கிடைப்பது எல்லார்க்கும் வாய்ப்பதன்று.

செடியைச் சற்று அணுகிப் பார்ப்போம். விட்டுவிட்டால் இரண்டு மூன்று ஆள் உயரம்கூட வளரக்கூடிய குறுமரம். வெட்டிக்கொண்டே இருந்தால் இடுப்பளவுப் புதர். இலைகள் எதிரெதிராக, காம்பு இருப்பதே தெரியாமல் கிளையோடு ஒட்டி அமைந்தவை; நீளம் இரண்டு அங்குலத்தைத் தாண்டுவது அரிது. வெண்மையும் இளமஞ்சளும் கலந்த சிறு பூக்கள் கிளை நுனியில் கொத்துக்கொத்தாகப் பூக்கும்; ஒவ்வொரு பூவிலும் கசங்கிய பட்டுத்துணி போன்ற நான்கு இதழ்களும், அவற்றினிடையே இரண்டிரண்டாய் நீட்டி நிற்கும் எட்டுக் கேசரங்களும் உண்டு. காய் மிளகினும் சற்றுப் பெரிது. உலர்ந்து வெடித்தால் மணலை ஒத்த பழுப்பு விதைகள் உதிரும். தாவர சாஸ்திரிகள் இதனை ‘லித்ரேஸி’ என்ற குடும்பத்தில் வைக்கிறார்கள். ஊதாப்பூக் கொத்துக்களால் கோடையில் கண்ணைப் பறிக்கும் பூமருதும், இக்காலத்து வகைப்பாட்டின்படி மாதுளையும் இதன் தாயாதிகள். மாதுளம்பூவின் இதழ் எப்போதும் கசங்கியே இருப்பதைக் கவனித்தவர்களுக்கு இந்த உறவு வியப்பாய் இராது. இருக்கட்டும், இலை பச்சை, பூ வெள்ளை, காய் பழுப்பு, ஒடித்த கொம்பிலும் சிவப்பு இல்லை. கைக்கு ஏறும் அந்தச் செம்மை இச்செடியில் எங்கே இருக்கிறது? கண்ணால் தேடினால் அகப்படாத அந்த விடைக்கு வருமுன், பெயர்களைப் பற்றிச் சிறிது சொல்லவேண்டியிருக்கிறது.

தமிழில் மருதோன்றி, மறுதோன்றி, மருதாணி, அழவணம் என்ற பெயர்கள் வழங்குகின்றன. பேச்சில் வெற்றி பெற்றது மருதாணி. அழவணம் வைத்தியர்களின் ஏட்டோடு நின்றுவிட்டது. தோலில் மறு தோன்றச் செய்வதால் மறுதோன்றி என்று சொற்பொருள் கூறுவாருண்டு. காதுக்கு இனிமையாயிருக்கிறது என்பதற்காகவே இத்தகைய விளக்கங்களைக் கேட்டவுடன் ஒப்புக்கொள்வது சொல்லாராய்ச்சிக்கு அழகன்று. தெலுங்கர் இதனைக் கோரிண்ட என்பர்; ‘கோரு’ என்றால் அவர்கள் மொழியில் நகம். வடமொழிப் பெயர்களுள் ஒன்று நகரஞ்சனி, அதாவது நகத்துக்கு நிறமூட்டுவது. கை முழுவதும் கொடியும் பூவும் வரைகிற இன்றைய வழக்கைக் கொண்டு இச்செடியை அறிந்தவர்கள், அதன் பழைய இருப்பிடம் நகமே என்பதை இப்பெயர்களிலிருந்து ஊகித்துக்கொள்ளலாம். மலையாளிகள் மயிலாஞ்சி என்கிறார்கள். கொச்சியில் டச்சுக்காரர்களின் தலைவராயிருந்த வான் ரீட் தொகுப்பித்து, 1678 முதல் 1693 வரை பன்னிரண்டு பாகங்களாக வெளிவந்த ‘ஹோர்த்துஸ் மலபாரிகுஸ்’ நூலிலும் அந்தப் பெயரே ஏறியிருக்கிறது.

சங்கப் பாட்டில் மருதோன்றியைத் தேடுகிறவருக்கு ஒரு விசித்திரமான ஏமாற்றம் காத்திருக்கிறது. குறிஞ்சிப்பாட்டில் கபிலர் அடுக்கும் தொண்ணூற்றொன்பது மலர்களுள் தோன்றி உண்டு, மருதமும் உண்டு, மருதோன்றி இல்லை. அந்தத் தோன்றி காந்தளினத்துச் செம்மலர். அதற்கும் நம் வேலிச்செடிக்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை. பழைய இலக்கியத்துப் பெண்களின் பாதம் சிவந்தது இலையாலன்று. அரக்குப் பூச்சி தரும் சாயத்தில் ஊறிய செம்பஞ்சுக் குழம்பால். ஆதலின் கையும் காலும் சிவந்திருப்பதே அழகென்னும் ருசி நம்மிடம் முன்னரே இருந்ததென்றும், அதற்கு உரிய பொருளாக மருதோன்றி பின்னர் வந்து அந்தப் பீடத்தில் அமர்ந்ததென்றும் கருதுவதே பொருத்தம் என்பது என் அபிப்பிராயம். புனே நகரத்துப் பண்டார்க்கர் ஆராய்ச்சி மன்றத்தைச் சேர்ந்த பி. கே. கோடே, நம் நாட்டுப் பண்பாட்டுச் சரித்திரத்தில் எவரும் பொருட்படுத்தாத சிறு பொருள்களையே தேடித்தேடி எழுதியவர். மெஹந்தியின் சரித்திரத்தையும் அவர் விட்டுவைக்கவில்லை. பழைய ஆயுர்வேத நூல்களில் வரும் ‘மதயந்திகா’ என்னும் சொல்லை மருதோன்றி என்று கொள்வாரும், மல்லிகை வகை என்று கொள்வாரும் உளர். ஒரு பெயர் எக்காலத்தும் எவ்விடத்தும் ஒரே செடியைக் குறித்தது என்று எண்ணுவதுதான் இத்தகைய வழக்குகளுக்கெல்லாம் மூலம்.

மேற்றிசையில் இச்செடிக்கு வேறொரு புகழ் இருந்தது. ஹீப்ரு மொழியில் ‘கோஃபெர்’, கிரேக்கத்தில் ‘கிப்ரோஸ்’ என்று பெயர்பெற்ற மருதோன்றியை அந்நாட்டார் கொண்டாடியது பெரும்பாலும் பூவுக்காக. விவிலியத்தின் உன்னதப்பாட்டில், சாக்கடலின் கரையிலுள்ள எங்கேதியின் திராட்சத் தோட்டங்களில் பூத்த இதன் கொத்துக்கு நாயகன் உவமிக்கப்படுகிறான். இந்த இடத்தில், 1611-ஆம் வருஷத்து ஆங்கில மொழிபெயர்ப்பில் இடம்பெற்ற ‘கேம்ஃபையர்’ என்ற சொல் கர்ப்பூரத்தையும் குறிக்கக்கூடியதாயிருந்தமையால், எங்கேதியில் கர்ப்பூரம் விளைந்ததோ என்று ஆங்கில வாசகர்கள் மயங்க நேர்ந்தது. தமிழில் மொழிபெயர்த்தவர்களோ மருதோன்றி என்றே பிசகின்றி எழுதினார்கள். கோயிலில் கர்ப்பூரத்தையும் வேலியில் மருதோன்றியையும் நாள்தோறும் காண்கிற நாட்டில் அந்தத் தவறு நேர வழியில்லை.

உரோமாபுரியின் பிளினி, கி.பி. முதல் நூற்றாண்டில், எகிப்தில் வளரும் இம்மரத்துக்கு இலந்தையின் இலையும் கொத்தமல்லியின் விதையும் உண்டென்று எழுதுகிறார். இவ்விரண்டு உவமைகளையும் எந்தத் தமிழ்க் கிழவியிடம் சொன்னாலும் செடியைக் கண்டுபிடித்துவிடுவாள். இதனை எண்ணெயில் காய்ச்சிப் பிழிந்தெடுக்கும் வாசனைத் தைலம் ராத்தல் 5 டெனாரியஸ் விலை என்றும், நைல் நதிக்கரையிலுள்ள கனோபஸ் ஊர்ச் சரக்கே முதல்தரம், பாலஸ்தீனத்து அஸ்கலோன் சரக்கு இரண்டாந்தரம், சைப்ரஸ் தீவினது மூன்றாந்தரம் என்றும் அவர் வியாபாரியைப்போலத் தரம் பிரிக்கிறார். எகிப்தின் பதப்படுத்திய சடலங்கள் சிலவற்றின் மயிரிலும் நகத்திலும் காணும் செம்மஞ்சள் நிறம் மருதோன்றியினுடையது என்று பல அறிஞர்கள் எழுதியிருக்கிறார்கள். பதப்படுத்தப் பயன்பட்ட பிசின்களும் காலப்போக்கில் அதே நிறத்தைக் கொடுக்கக்கூடுமாகையால், கண்ணால் பார்த்தது மட்டும் போதாது, இரசாயனப் பரீட்சையும் வேண்டும். பூவின் வாசனையோ நம் நாட்டில் இன்றும் வியாபாரமாகவே இருக்கிறது: உத்தரப் பிரதேசத்துக் கன்னோஜில், செம்புப் பாண்டத்தில் பூவையும் நீரையும் இட்டு விறகடுப்பில் காய்ச்சி, ஆவியைச் சந்தன எண்ணெயில் இறக்கி அத்தர் செய்கிறார்கள். எங்கள் வேலியில் பூத்தாலோ, யாரோ தேயிலையும் மல்லிகையும் கலந்து வைத்தது போன்ற ஒரு மணம் அந்தியில் கிணற்றடிவரை வரும்; அதற்காக ஒருவரும் நின்று பார்த்ததில்லை.

இனி அந்தக் கேள்விக்கு வருவோம். என் சிறுவயதில், மருதாணி அரைக்கும் நாள் என்பது சாயங்காலமே தொடங்கிவிடும். பாட்டி முற்றல் இலையைத் தள்ளிக் கொழுந்தாகப் பார்த்து உருவி எடுத்து, இரண்டு கொட்டைப்பாக்கும் ஒரு நெல்லிக்காயளவு புளியும் சேர்த்து, தண்ணீரைக் கையால் தெளித்துத் தெளித்து அம்மியில் வெண்ணெயாக அரைப்பாள். அரைத்து முடிக்கும்போது, அம்மியில் இருக்கும் விழுது பாசிப் பச்சையாயிருக்க, அரைத்தவளுடைய கைவிரல்கள் மட்டும் ஏற்கெனவே செம்மஞ்சளாகியிருக்கும். இந்த ஒரு காட்சியில் விஷயம் முழுவதும் அடங்கியிருக்கிறது என்பதை அக்காலத்தில் நான் அறியவில்லை. இராச்சாப்பாட்டுக்குப் பின், விரல்நுனிகளுக்குத் தொப்பி வைத்து, உள்ளங்கை நடுவே பெரிய வட்டமும் சுற்றிலும் பொட்டுக்களும் இட்டு, துணியைச் சுற்றிப் படுக்க வைத்துவிடுவாள். மூக்கு அரித்தாலும் சொறிய முடியாத அந்த இரவின் அவஸ்தையைப் பட்டவர்களே அறிவார்கள். காலையில் உதிர்த்துவிட்டுச் சோப்புப் போடாமல், தண்ணீரிலும் அதிகம் நனைக்காமல், தேங்காயெண்ணெய் தடவச் சொல்லுவாள். அப்போது கை வெறும் ஆரஞ்சு நிறமாயிருப்பதைக் கண்டு சிணுங்கினால், “நாளைக்குப் பாரு, சிவக்கும்” என்பாள். மறுநாள் சிவக்கும்.

இலைக்குள் சாயம் சாயமாக இல்லை என்பதே இதற்கெல்லாம் காரணம். இரசாயனிகள் ‘ஹென்னோஸைட்’ என்றழைக்கும் பொருள்கள், ஒரு சர்க்கரைத் துணுக்கோடு பிணைக்கப்பட்டு, நிறமின்றி இலையின் உயிரணுக்களுக்குள் அடங்கிக் கிடக்கின்றன. இலை நசுங்கினால், அதுவரை வேறிடத்தில் ஒதுங்கியிருந்த நொதிப்பொருள் வந்து கலந்து அந்தச் சர்க்கரையைக் கழற்றிவிடுகிறது. எஞ்சியது காற்றிலுள்ள ஆக்ஸிஜனோடு சேர்ந்தவுடன் ‘லாஸோன்’ என்னும் செம்மஞ்சள் சாயம் பிறக்கிறது. கார்பன் 10, ஹைட்ரஜன் 6, ஆக்ஸிஜன் 3 என்ற அணுக்களாலான இச்சிறு பொருளை மருதோன்றி இலையிலிருந்து 1920-இல் தொம்மாஸி என்ற இத்தாலியர் பிரித்தெடுத்தார். 1933-இல் லால், தத் என்னும் நம் நாட்டு இரசாயனிகள் இருவரும் அதன் அமைப்பை ஆராய்ந்து எழுதினார்கள். உலர்ந்த இலையில் இதன் பங்கு நூற்றுக்கு அரையிலிருந்து இரண்டு வரையே. கொழுந்தில் இது மிகுதி. பாட்டி முற்றலைத் தள்ளியது வீணன்று.

சாயம் பிறந்ததும் அதற்கு ஒரு பிடி வேண்டும். லாஸோன், நகத்திலும் மயிரிலும் மேல்தோலிலும் உள்ள கெரட்டின் என்னும் புரதத்தோடு இரசாயனக் கட்டாகவே கட்டுண்டுவிடுகிறது. பூசிய வண்ணம்போல மேலே நிற்பதில்லை. அதனால்தான் கழுவினால் போகாது. தோல் தன் மேலடுக்கை உதிர்க்க உதிர்க்க, இரண்டு மூன்று வாரங்களில் மங்கும். நகத்தில் இட்டதோ, நகம் வளர்ந்து வெட்டுண்ணும்வரை பிறைபோலத் தேய்ந்துகொண்டே நிற்கும். உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் மேல்தோல் தடித்திருப்பதால் அங்கே ஆழ்ந்து சிவக்கிறது. புறங்கையில் அதே விழுது, அதே நேரம், பாதி நிறமே கிடைக்கும். கணவனுக்கு எவள்மேல் பிரியம் அதிகமோ அவள் கைதான் நன்றாகச் சிவக்கும் என்ற வசனத்தை நம்பி மனம் நொந்த பெண்கள் எத்தனை பேரோ. நியாயமாகப் பார்த்தால், அம்மியும் உலக்கையும் பிடித்துத் தடித்த கைக்கே அந்தப் பிரியம் மிகுதியாகக் கிடைத்திருக்கவேண்டும். உடம்பின் சூட்டைக் காரணமாகச் சொன்னவர்கள் உண்மைக்குச் சற்று நெருங்கி வந்தவர்கள், ஏனெனில் கதகதப்பு சாயம் ஏறுவதற்குத் துணை செய்கிறது.

புளியின் வேலை நுட்பமானது. புளிப்பான விழுதில், சர்க்கரை கழன்ற பொருள் அவசரப்பட்டுக் காற்றில் முதிர்ந்து வீணாகாமல், சிறிது சிறிதாகத் தோலுக்குள் இறங்க அவகாசம் கிடைக்கிறது; வடநாட்டிலும் அரபு நாடுகளிலும் எலுமிச்சைச் சாறு சேர்ப்பதும் இதற்கே. தோலுக்குள் இறங்கியது அங்கேயே ஆக்ஸிஜனோடு கூடி முதிர்வதற்கு ஒன்றிரண்டு நாள் ஆகும். “நாளைக்குச் சிவக்கும்” என்ற வாக்கின் உட்பொருள் இதுதான். உடனே நீரில் நனைத்தால், கட்டுண்டு முடியாத சாயம் கரைந்து போய்விடும். புளி, பொறுமை, எண்ணெய், இரவு என்று எழுத்தறியாத பெண்கள் ஒழுங்கு செய்து வைத்த முறையில், இரசாயனிகள் திருத்தும்படியாக ஒரு பிழையும் அகப்படவில்லை. புரதத்தையே பற்றும் இந்தச் சுபாவத்தால்தான், கம்பளியும் பட்டும் மருதோன்றியில் நன்கு சிவக்க, பருத்தி மங்கலாகவே நிற்கிறது. வியர்வையிலுள்ள அமினோ அமிலங்களையும் அது விடுவதில்லை: காகிதத்தில் கண்ணுக்குத் தெரியாமல் பதிந்த கைரேகையை லாஸோன் கொண்டு நிறமேற்றிக் காட்டலாம் என்று 2008-இல் ஆஸ்திரேலிய, இஸ்ரேல் நாட்டு ஆராய்ச்சியாளர்கள் கண்டெழுதினார்கள். கல்யாணப் பெண்ணின் கையிலிருந்து கள்வனின் கைக்குப் போயிருக்கிறது.

இதே லாஸோன் வேறு செடிகளிலும் சிறிது உண்டென்பதையும் ஈண்டுக் குறிப்பிடவேண்டும். நம் வாசல்களில் மழைக்காலத்தில் பூக்கும் காசித்தும்பை அவற்றுள் ஒன்று. மருதோன்றி வளராத குளிர்தேசமாகிய கொரியாவில், பெண்களும் குழந்தைகளும் காசித்தும்பைப் பூவையும் இலையையும் படிக்காரத்தோடு இடித்து நகத்தில் வைத்து, இலையால் மூடி நூலால் கட்டிக்கொண்டு படுக்கிறார்கள். நம் பாட்டியை அவர்கள் கண்டதில்லை, அவர்களை நம் பாட்டி கண்டதில்லை. இருந்தும் இரண்டு வீட்டிலும் ஒரே சாயம். ஒரே இரவு அவஸ்தை.

சாயத்துக்காக இச்செடியை வயல் வயலாகப் பயிரிடும் பிரதேசங்களுள் முதன்மையானது ராஜஸ்தானத்துப் பாலி மாவட்டத்தில் உள்ள ஸோஜத். அவ்வூர் மருதோன்றிக்கு 2021-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஒருமுறை நட்டால் பல பத்தாண்டுகள் நிலத்திலேயே நிற்கும் பயிர் இது. ஆழ இறங்கும் ஆணிவேரால் வறட்சியைத் தாங்கி, மழை முடிந்ததும் அடியோடு அரிந்துகொள்ளக் கொடுத்து, மீண்டும் துளிர்க்கும். அரிந்த கொம்புகளை உலர்த்தி, தட்டி இலையை உதிர்ப்பார்கள். உலர்கிற இலைமேல் எதிர்பாராமல் மழை பெய்துவிட்டால் அந்த ஆண்டு உழைப்பு அவ்வளவுதான்; நனைந்த இலை பழுத்துக் கறுத்து, விற்கும்போதே சாயத்தை இழந்துவிட்டிருக்கும். இலை நசுங்காமலே நனைந்து அழுகினாலும் உள்ளிருந்த பொருள் காற்றோடு கலந்து தீர்ந்துபோகிறதே, அதுதான் காரணம். ஈரானில் கெர்மான் பிரதேசத்தில் விளையும் இலை, யஸ்து நகரத்துப் பெருங்கல் ஆலைகளுக்கு வந்து பொடியாகிறது. சூடான், எகிப்து, ஏமன், மொராக்கோ ஆகியனவும் பழைய விளைநிலங்கள்.

இந்த இலைக்காக மனிதர் தண்டனைக்கு உள்ளானதும் உண்டு. நபிகளின் தோழர் அபூபக்கர் மருதோன்றியால் தாடிக்கு நிறமிட்டார் என்று ஹதீஸ் தொகுப்புகள் கூறுவதால், இஸ்லாமிய உலகமெங்கும் ஆண்களிடையேயும் இதற்கு மதிப்பிருந்தது. ஸ்பெயினில் முஸ்லிம் ஆட்சி வீழ்ந்தபின், கட்டாயத்தால் கிறிஸ்தவர்களான மொரிஸ்கோ மக்களின் மொழி, உடை, குளியல் ஆகியவற்றோடு, அவர்கள் பெண்கள் மருதோன்றி இடுவதையும் இரண்டாம் பிலிப்பு மன்னனின் அரசாணை 1567-இல் கிரானடாவில் தடை செய்தது. பிரான்சிஸ்கோ நூன்யெஸ் மூலெய் என்ற முதியவர், இது மதச் சடங்கன்று, தலையைச் சுத்தம் செய்யும் வழக்கமே என்று விண்ணப்பம் எழுதி வாதாடினார். பயனில்லை, அடுத்த ஆண்டே கலகம் மூண்டது. அதற்குப் பல நூற்றாண்டுகள் கழித்து, 2024 டிசம்பரில், அரபு நாடுகள் பதினாறு ஒன்றுகூடி அளித்த விண்ணப்பத்தின்பேரில், யுனெஸ்கோ மருதோன்றி வழக்கத்தை மனிதகுலத்தின் பண்பாட்டுச் செல்வங்களுள் ஒன்றாக ஏற்றுக்கொண்டது.

இன்று கடையில் ‘மருதாணி’ என்ற பெயரோடு விற்கப்படுவனவெல்லாம் இந்தச் செடியினுடையன அல்ல என்பதை மிகுந்த வருத்தத்தோடு எழுதவேண்டியிருக்கிறது. தலைக்குக் கறுப்பு வேண்டுவோர், மருதோன்றியிட்டு அலசிய பின் அவுரியிலைப் பொடியை இடுவது பழைய, யோக்கியமான முறை. அதில் இரண்டு செடிகள் இருக்கின்றன, ஒளிவுமறைவு இல்லை. ஆனால் ‘கறுப்பு மருதாணி’ என்று திருவிழாக் கடைகளில் கையில் வரையும் குழம்பில் பல சமயங்களில் இருப்பது ‘பாரா-ஃபினிலின்டைஅமீன்’ என்னும் தலைச்சாயப் பொருள். ஐரோப்பிய நாடுகளில் அதைத் தோலில் இடுவதற்கு அனுமதியே இல்லை. தலைச்சாயத்தில்கூட அளவு குறித்தே அனுமதிக்கிறார்கள். அது படிந்த இடம் சிலருக்குச் சில நாட்களில் வரைந்த கோலத்தின் வடிவத்திலேயே கொப்புளித்துவிடும். அதைவிடத் துன்பம், ஒருமுறை உடம்பு அதற்குப் பகையாகிவிட்டால் பிற்காலத்தில் எந்தத் தலைச்சாயமும் ஆகாமற் போகலாம். எங்கள் உறவில் ஒரு பெண், கல்யாணத்துக்கு முந்திய நாள் வாங்கிய கூம்பில் பேர் தெரியாத எண்ணெய் நெடி அடித்தபோதும் பொருட்படுத்தாமல் வரைந்துகொண்டு, மணவறையில் இரண்டு கையும் வீங்கி உட்கார்ந்திருந்ததை நான் கண்டேன்.

மெய்யான மருதோன்றியும் எல்லார்க்கும் எப்போதும் ஆகும் என்று சொல்வதற்கில்லை. ஜி-6-பி-டி என்னும் நொதிக் குறைபாட்டோடு பிறந்த சிசுக்களுக்கு உடம்பெல்லாம் இதனைப் பூசியதால் இரத்தச் சிவப்பணுக்கள் சிதைந்து உயிராபத்து நேர்ந்த செய்திகள் மருத்துவ ஏடுகளில் உள்ளன; ஆகையால் கைக்குழந்தைக்கு இடுவது வேண்டாம். பெரியவர்கள் தலைக்கு இடும் பொடியில் லாஸோன் நூற்றுக்கு 1.4-க்கு மேற்படாமலிருந்தால் தீங்கில்லை என்று ஐரோப்பிய நிபுணர் குழு 2013-இல் முடிவு கூறியது.

கொம்பு நட்டால் வேர்விடும் செடி இது. வேலியோரம் ஒரு முழம் இடம் போதும், அம்மி இல்லாவிட்டால் மிக்ஸி போதும். கடையில் வாங்கியே தீரவேண்டுமாயின், பொடி மங்கிய பச்சையாயிருக்கிறதா, உலர்ந்த வைக்கோலின் மணம் வருகிறதா என்று பாருங்கள். நல்ல மருதோன்றி முதலில் ஆரஞ்சாகவே பற்றும். சிவப்பதற்கு ஒரு பகலும் ஓர் இரவும் கேட்கும். எவ்வளவு நேரம் வைத்தாலும் தோலைக் கரிக்கறுப்பாக்காது. அரைமணி நேரத்தில் கை கறுத்தால், அது வேறு சரக்கு, தாமதிக்காமல் கழுவிவிடுங்கள்.